சூற்பை அற்றவை

சித்திரை வெயிலில் கோரையாறு வெறும் மணல்.
நீடாமங்கலத்துத் தலைப்பில் அப்பா
மதகுக் கதவுகளுக்குச் சாம்பல் வண்ணம் அடிக்கிறார்.
ஜூனில் தண்ணீர் வருமுன் முடித்தாக வேண்டிய
ஒப்பந்த வேலை.
பாலத்து நிழலில் நான்,
பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலோடு,
இரண்டாம் முறை.

ஜிம்னோஸ்பெர்ம்களின் பொதுப்பண்புகள்.
சூல்கள் சூற்பையால் மூடப்படவில்லை.
பூ இல்லை. கனி இல்லை.
துணைச்செல் இல்லை.
சைலத்தில் குழாய் இல்லை, நீட்டம் நீங்கலாக.
இல்லை இல்லை என்றே போகிற பக்கத்தில்
மகரந்தத்துக்குக் காற்று மட்டும் உண்டு.
போன வருஷம் இதில்தான் ஒன்றைத் தவறாக நிரப்பினேன்.
வரவேண்டிய நாலும் போய்
கையிலிருந்த ஒன்றும் போனது.

கூத்தாநல்லூரிலிருந்து ஃபாஹிமா குரல் அனுப்புகிறாள்:
"சவுக்கு இதுலதானே வரும்? ஊசியிலை, கூம்பு, எல்லாம் இருக்கே?"
இல்லடி, அது பூக்கும்.
ஊசி மாதிரி இருப்பது கிளை.
இலை கணுவில் பல்பல்லாய் ஒட்டியிருக்கும்,
கண்ணுக்கே சரியாகத் தெரியாது.
கூம்பு மாதிரி இருப்பது காய்.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குரல்:
"கடற்கரை முழுக்க நின்னுக்கிட்டு
இத்தனை நாளா ஏமாத்தியிருக்கு பாரேன்."

நான் நேரில் பார்த்த ஜிம்னோஸ்பெர்ம் ஒன்றே ஒன்று.
மன்னார்குடியில், வங்கி வாசல் தொட்டியில்
ஒரு சைகஸ்.
பனங்கன்று என்றார் காவலாளி. நான் திருத்தவில்லை.
உள்ளே அம்மா என் தோட்டை எடைபோடக் கொடுத்திருந்தாள்.
அவளுடையது முதல் முறைக்குப் போனது,
என்னுடையது இரண்டாவதுக்கு.
அடகுச்சீட்டு வரும்வரை
பவழவேர் தெரிகிறதா என்று விரலால் மண்ணைக் கிளறினேன்.
ஊர் வயலில் அசோலாவுக்குள் குடியிருக்கிற பாசியின் உறவு
அதற்குள்ளும் இருக்குமாம்.
"ஏம்மா, செடியை நோண்டாதே" என்றார் காவலாளி.

நெல்லில் கருவுற்ற பிறகுதான் கருவூண். மும்மயம்.
இவற்றில் கருவுறுமுன்பே,
வருமா வராதா என்று தெரியாத ஒன்றுக்காக,
பெண்பகுதி தன் உடம்பையே ஊணாகச் சேர்த்துவைக்கும்.
ஒற்றைமயம்.
இந்த வரியை மட்டும் மூன்று தடவை எழுதினேன்.
மதிப்பெண் என்னவோ நாலுதான்.

பொருளாதார முக்கியத்துவம்:
பைன் பிசினிலிருந்து டர்பன்டைன்.
நிமிர்ந்தால், அப்பா படியிறங்கி வருகிறார்,
பழந்துணியில் அதை நனைத்து
விரலிடுக்கைத் துடைத்தபடி.
எனக்கு விவரம் தெரிந்த நாள்முதல்
பொழுதுசாய ஒரு பைன் மரம்
எங்கள் வீட்டுக்குள் வந்து
சோறு தின்றுவிட்டுப் படுத்திருக்கிறது.

மே மாதம், ஞாயிறு, திருவாரூர்.
வாசலில் கொலுசைக் கழற்றுகிறார்கள்,
கொண்டை ஊசியைக் கழற்றுகிறார்கள்,
ஒருத்தியின் முழுக்கைச் சட்டையை
முழங்கையோடு வெட்டுகிறாள் அவள் அத்தை.
என்னிடம் கழற்ற ஒன்றுமில்லை என்றிருந்தேன்.
டார்ச் அடித்துப் பார்த்த அம்மாள் கேட்டாள்,
"காதில் என்ன?"
"துடைப்பக்குச்சி."
"எடு."
எடுத்தேன்.
தென்னை. ஒருவித்திலை. சூற்பை உண்டு.
மனசுக்குள் சொல்லிக்கொண்டு
மூடாத இரண்டு துளைகளோடு உள்ளே போனேன்.

சைகஸ் வரவில்லை. பைன் வரவில்லை.
சவுக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
வந்தது நீட்டம்.
நீங்கலாக என்றே நான் படித்துவைத்த பெயர்.
வட்டத்தை நிரப்பினேன்,
ஓரம் தாண்டாமல், இரண்டு பூச்சு,
கதவுக்கு அடிக்கிற மாதிரி.

ராத்திரி வீட்டில் புதுக் குச்சி ஒடித்துச் செருகினேன்.
வலித்தது.
அதற்குள் மூடிக்கொள்ளப் பார்த்திருக்கிறது
இடது காது.